சிங்கப் பல்லும் நாகமாணிக்கமும்

இலங்கைக் காட்டில் சிங்கம் கிடையாது. கொடியில் வாளேந்தி நிற்கிறது, சிகிரியாப் பாறையில் பாதம் பதித்திருக்கிறது, கோயில் வாகனமாக வீதி சுற்றி வருகிறது. காட்டில் மட்டும் இல்லை. ஆனால் இரத்தினபுரிக்கு அடுத்த குருவிட்டையில், பழைய படிவு மண்ணுக்குள்ளிருந்து சிங்கத்தின் பற்கள் இரண்டு கிடைத்தன. கொழும்பு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து, இத்தீவில் ஒருகாலத்தில் திரிந்து அழிந்துபோன சிங்கத்துக்கு 1939இல் 'பாந்தரா லியோ சிங்ஹலேயஸ்' என்று பெயரிட்டார்.

இதைக் கேட்டதும் மனம் ஒரு முடிச்சைப் போட்டுவிடும். பழங்காலத்தில் குழி தோண்டிய யாரோ இப்படியொரு பல்லைக் கண்டிருப்பார்கள், அதிலிருந்துதான் இந்த நாட்டின் சிங்கக் கதையே பிறந்திருக்கும் என்று. அழகான ஊகம். உலகெங்கும் இத்தகைய ஊகங்களுக்கு நல்ல விலை உண்டு. இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வழங்கும் விநோதப் பிராணிகளை இந்த ஊகத்தோடு உரசிப் பார்த்தால், சில ஒட்டுகின்றன, சில ஒட்டுவதில்லை. எலும்பு ஒட்டாது என்பது என் கணிப்பு. ஒளியும் குரலும் ஒட்டும்.

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம்.

இரத்தினபுரி, பெல்மதுளை, எஹெலியகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு இரண்டு பேராவது மாணிக்கக் குழியைப் பற்றி விவரமாகப் பேசக்கூடியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இல்லம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், அது ஒரு பழைய ஆறு விட்டுச்சென்ற சரளைப் படுகை. மலையிலிருந்து வேகமாக இறங்கிய தண்ணீர் சமதரையில் தளரும்போது, கனமானவை முதலில் அடியில் தங்கும். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் 'குருந்தம்' என்ற ஒரே கனிமத்தின் நிறபேதங்கள். அது தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனம்; சாதாரண வெள்ளைக்கல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே மாணிக்கங்கள் சரளையோடு சரளையாக ஓரிடத்தில் ஒதுங்கின. அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் களிமண் மூடியது. இல்லத்தை மேலே ஏற்றி, கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் சுழற்றிச் சுழற்றி அரிக்கும்போது, தொழிலாளி செய்வது ஆறு செய்த அதே வேலையைத்தான்.

அந்த ஆற்றங்கரைகளில் அன்று நடமாடிய விலங்குகளும் அதே சரளைக்குள் போயின. இந்த ஈர மண்ணில் எலும்பு நீடிப்பது கடினம். உடம்பிலேயே மிகக் கடினமான பொருளான பல்லின் மேற்பூச்சுதான் தாக்குப்பிடிக்கும். ஆகவே குழிகளிலிருந்து வந்தவற்றில் பற்களுக்குப் பெரும் பங்கு. தெரணியகல இவற்றைப் பல ஆண்டுகள் சேர்த்து, 1958இல் இலங்கையின் பிளைஸ்டோசீன் காலத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நேரான தந்தமுள்ள பெருயானை, நீர்யானை, காட்டு எருது, இரண்டுவகைக் காண்டாமிருகம் எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. இன்று இலங்கையில் நீர்யானையைப் பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிச்சாலைக்குத்தான் போகவேண்டும். புலியும் பிறகு சேர்ந்துகொண்டது. இரத்தினபுரிக்கு அருகே 1962இல் கிடைத்த ஒரு பல்லும், குருவிட்டைக் குகையொன்றில் கிடைத்த விரல் எலும்பும் புலியினுடையவை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. விரல் எலும்பின் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, இலங்கை இந்தியாவோடு தரைவழியாக ஒட்டியிருந்த காலங்களில் இவை நடந்தே வந்தவை.

இத்தனை பூதாகாரமான சரக்கு மண்ணுக்குள் இருந்தும், குழிவெட்டுவோர் மத்தியில் எலும்பிலிருந்து பிறந்த பூதம் ஒன்றும் பிரபலமாகவில்லை என்பதுதான் வியப்பு. குழிக்குள் காவல் தெய்வம் உண்டு, நேர்த்தி உண்டு, வாய்திறந்து சொல்லக்கூடாத வார்த்தைகள் உண்டு. நீர்யானைப் பல்லைக் கண்டு கதை கட்டியவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இந்த எலும்புக் கோட்பாட்டுக்குப் பெரிய பெயர். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் உண்மையில் மத்தியதரைக்கடல் தீவுகளில் வாழ்ந்த குள்ள யானையின் மண்டையோடு என்று ஒத்தேனியோ ஆபெல் 1914இல் சொன்னார். யானை மண்டையோட்டின் நடுவில் தும்பிக்கை தொடங்குமிடத்தில் பெரிய துளை ஒன்று உண்டு. யானையை அறியாதவன் அதைக் கண்குழி என்றே நினைப்பான். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினுக்கு, கோபி பாலைவனத்தில் கிடைக்கும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற அலகுவாய் டைனோசரே மூலம் என்று ஏட்ரியன் மேயர் எழுதினார். அவருடைய நூல் 2000ஆம் ஆண்டு வந்தது. அதன்பிறகு அருங்காட்சியகங்களும் தொலைக்காட்சிகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லின. 2024இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் இந்தக் கணக்கைச் சரிபார்த்தார்கள். பொன் தேடியவர்கள் இந்த எலும்புகளைக் கண்டு கதையைப் பரப்பினார்கள் என்பது மேயரின் வாதம். ஆனால் பொன் கிடைக்கும் இடம் ஒன்று, எலும்பு கிடைக்கும் இடம் வேறொன்று. அந்த எலும்புகளும் பெரும்பாலும் பாறைக்குள் புதைந்து ஓரம் மட்டும் தெரிபவை. சிங்கத்தையும் கழுகையும் சேர்த்து வரைய, சிங்கமும் கழுகும் தெரிந்திருந்தால் போதுமே என்பது அவர்கள் கேள்வி.

நமக்கும் அதே கேள்விதான். கோயில் தூணில் நிற்கும் யாளி பூமியில் வாழ்ந்த விலங்கு, அதன் எலும்பு அங்கே கிடைத்தது இங்கே கிடைத்தது என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிங்க உடலில் யானைத் துதிக்கையைப் பொருத்தச் சிற்பிக்குப் புதைபடிவம் எதற்கு? இரண்டு விலங்கையும் அவன் சிற்ப மரபு அறியும். மீதி உளியின் வேலை.

இலங்கைச் சிங்கமும் அப்படித்தான். மகாவம்சத்தில் சிங்களவரின் ஆதி அரசன் விஜயனின் பாட்டனாக வரும் சிங்கம் வாழ்ந்தது இந்தியாவின் லாள நாட்டுக் காட்டில். கதை இந்தியாவிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி வருகிறது. குருவிட்டைப் பல் அதற்கு எந்த உதவியும் செய்யவில்லை. ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு இது சிங்கமா புலியா என்று சொல்ல, மற்ற விலங்குகளின் பற்களோடு ஒப்பிட்டுப் பழகிய கண் வேண்டும். சரளையில் உருண்டு தேய்ந்து, கறுத்து, தனித்தனியாக வரும் பல்லில் அரக்கனின் முகம் தெரியாது. கல் தேடுபவனுக்கு அது கல்லல்லாத ஒன்று, அவ்வளவே. கழிவோடு எறிந்துவிடுவான்.

இதனால் புதைபடிவம் எங்கேயுமே நம்பிக்கையைப் பிறப்பிக்காது என்று சொல்லிவிட முடியாது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் நல்ல எதிர்ச்சாட்சி. கடலில் வாழ்ந்து அழிந்த அம்மோனைட்டின் சுருள் ஓட்டைச் சுற்றி இறுகிய கறுப்பு உருண்டை அது. இமயம் எழுந்தபோது கடற்படுகையோடு மேலே வந்தது. உடைத்தால் உள்ளே சக்கரம். திருமாலின் சக்கரமாகவே அது வணங்கப்படுகிறது. அங்கே பொருள் முழுசாக வருகிறது, ஆற்றங்கரையில் யார் கைக்கும் கிடைக்கிறது, ஒரே வடிவத்தில் மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. இரத்தினபுரிக் குழியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். தெரணியகல தம் காண்டாமிருகங்களில் ஒன்றுக்கு வைத்த பெயர் 'ரைனோசெரஸ் ககவேனா'. கங்கவேனா என்பது சிங்களக் கதைகளில் காட்டில் தனித்துத் திரியும் ஒற்றைக்கொம்பன். எலும்பு புராண விலங்கைப் பெற்றதாகத்தானே நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்? இங்கே புராண விலங்கு எலும்புக்குப் பெயர் சூட்டியிருக்கிறது.

இனி ஒளி.

நாகமாணிக்கக் கதை தெரியாத தோட்டம் கிடையாது. நெடுங்காலம் யாரையும் தீண்டாமல் விஷத்தைச் சேமித்த நல்லபாம்பின் விஷம் இறுகிக் கல்லாகும். அமாவாசை இரவில் பாம்பு அதைக் கக்கி வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் இரை தேடும். மரத்தின்மேல் காத்திருந்து சாணத்தை அப்பி ஒளியை மறைத்தால் கல் உனக்கு. கல்லைக் காணாத பாம்பு தலையை அடித்துக்கொண்டு சாகும். அள்ளுகிற கல்லெல்லாம் விலைபோகும் மண்ணில் இந்தக் கதைக்கு ஏன் இவ்வளவு வேர் என்று விளக்க வேண்டியதில்லை.

பாம்பின் தரப்பிலிருந்து பார்த்தால் கதை நிற்காது. விஷம் என்பது புரதங்கள் கலந்த நீர். கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியில் ஊறுகிறது. காயவைத்தால் மஞ்சள் நிறச் சில்லுகளாகும் என்பது உண்மை, அவை ஒளிர்வதில்லை. இருட்டில் பாம்புக்கு விளக்கும் தேவையில்லை. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்திலுள்ள உறுப்பில் வைத்து எலி போன பாதையைப் படித்துவிடும்.

ஆனாலும் ஒளியை விளக்க முயன்றவர்கள் உண்டு. ஹென்சோல்ட் என்பவர் 1890இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் இதழில் இலங்கை நாகக்கல்லைப் பற்றி எழுதினார். அது குளோரோஃபேன் என்ற ஒளிரும் கல், நாகம் அதைப் புல்லில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, பெண் மின்மினி என்று ஏமாந்து வரும் ஆண் மின்மினிகளைப் பிடித்துத் தின்கிறது என்பது அவர் சொன்ன விளக்கம். பாதி அறிவியல், பாதி கற்பனை. குளோரோஃபேன் உண்மையான கனிமம்தான். கல்லுக்குள்ளும் சுற்றிலும் உள்ள கதிரியக்கத்தால் வரும் ஆற்றல் அதன் படிகக் குறைகளில் சிக்கிக் கிடக்கும். சூடு பட்டால், சில கற்களில் கைச்சூடு பட்டாலே, அந்த ஆற்றல் பச்சை ஒளியாக வெளியேறும். ஆனால் ஒருமுறை வெளியேறினால் தீர்ந்தது. மறுபடி நிரம்ப நெடுங்காலம் ஆகும். இரவுக்கு இரவு எரியும் விளக்கு அதில் வராது. இதே இயல்பைக் கொண்டுதான் பழைய மண்படிவுகளின் வயதை இன்று கணிக்கிறார்கள். ஆய்வாளனுக்குப் பயன்பட்ட அளவு அது பாம்புக்குப் பயன்படாது. நாகத்தின் உணவும் எலி, தவளை, பறவைக்குஞ்சு, முட்டை, வேறு பாம்பு. மின்மினிக்காக அது காத்துக் கிடக்காது.

ஹென்சோல்டின் கதையில் கல்லை எடுத்துவிட்டு மின்மினியை மட்டும் வைத்துக்கொண்டால் விஷயம் நேராகிறது. இலங்கையில் 'லாம்ப்ரிஜெரா டெனெப்ரோசா' என்ற ஒருவகை மின்மினி உண்டு. ஆணுக்குச் சிறகு, பெண் கடைசிவரை புழு வடிவம், விரல் நீளத்துக்கு வளரக்கூடியது, பறக்காது. இதன் புழுக்கள் நத்தை தின்று வளர்பவை. நத்தைக்கு இறப்பர்த் தோட்டத்தில் பஞ்சமில்லை. பெண் தரையில் இருந்தபடியே வயிற்றின் நுனியில் பச்சை ஒளியை எரியவிடும். பறக்கும் மின்மினிபோல் விட்டுவிட்டு மின்னாமல், நிலையாக எரியும். லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேரும்போது ஆற்றல் வெப்பமாக வீணாகாமல் ஒளியாக வருவதால், தொட்டால் சுடாது. புல்லுக்குள் அசையாமல் கிடக்கும் பச்சை மணியை இருட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, புழு என்று தோன்றுமா, கல் என்று தோன்றுமா?

பார்ப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். கேகாலைப் பக்கம் தெரணியகல, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து நடப்பவர்கள். காலைக் குளிரில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பாலும் நன்றாக ஓடும். ஊர் தூங்கும் நேரத்தில், ஈரம் சொட்டும் மலையில், கையில் சிறு வெளிச்சத்தோடு நடக்கும் கூட்டம் இது. பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்ட கதை மனதில் உண்டு. கதை தமிழ்நாட்டிலிருந்து முன்னோர்களோடு வந்தது, ஒளி இந்த மலையில் காத்திருந்தது. அந்த ஒளிக்குப் பக்கத்தில் ஒருநாள் ஒருவர் நாகத்தைக் கண்டிருந்தால் அடுத்த நூறு ஆண்டுக்கு அது போதும். இதை நிரூபிக்க வழியில்லை என்பது தெரியும். ஆனால் கல், பாம்பு, விஷம் என்ற மூன்றையும்விட இந்தப் புழுவுக்கு வாய்ப்பு அதிகம்.

ஏமாற்றுக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டதில்லை. பாம்பின் தலைத்தோலைக் கீறி உள்ளே ஒரு கூழாங்கல்லைச் செருகி, ஆறியபின் கூட்டத்தின் முன் 'எடுத்து'க் காட்டுவது பழைய வித்தை. பாம்புக்கல்லும் அப்படித்தான். எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில், தமிழ்ப் பாம்பாட்டிகள் கடிவாயில் வைத்த 'பாம்புக்கல்'லை அதே தமிழ்ப் பெயராலேயே குறிப்பிடுகிறார். அதை அவர் ஆராயக் கொடுத்தது வேறு யாரிடமும் அல்ல, மின்காந்தவியலின் மைக்கேல் ஃபாரடேயிடம். ஃபாரடேயின் முடிவு: கரித்த எலும்பு. நுண்துளைகள் இருப்பதால் ஈரமான காயத்தில் ஒட்டிக்கொள்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுப்பதில்லை.

இதற்கிடையே, மாணிக்கம் எதுவும் சுமக்காத ஒரு பாம்பைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. இறப்பர்ச் சருகுக்குள் சருகு நிறத்திலேயே கிடக்கும், மூக்கு மேல்நோக்கிய குட்டை விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாது. இந்த மாவட்டங்களில் தோட்டத்தில் வேலை செய்பவர்களை அதிகம் கடிப்பவற்றில் ஒன்று இது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன் கடிக்கு இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சிலருக்கு இதன் கடியால் சிறுநீரகம் பாதிக்கப்படும். நான் கேட்டவரை இதைச் சுற்றி ஒரு புராணமும் இல்லை.

கடைசியாகக் குரல்.

உலமா என்ற பேய்ப்பறவையின் கதையைச் சிங்கள அயலவர்களிடமிருந்து தோட்டத்து மக்கள் கேட்டிருப்பார்கள். மனைவிமீது சந்தேகம் கொண்ட கணவன் பிள்ளையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறுகிறான். கறியில் பிஞ்சு விரலைக் கண்ட தாய் காட்டுக்குள் அலறி ஓடுகிறாள், பறவையாகிறாள். இன்றும் இரவில் அலறுகிறாள், கேட்டவருக்குக் கேடு என்பார்கள். டென்னன்டின் நூலிலேயே இந்தப் பேய்ப்பறவை வருகிறது. குருநாகலில் அதிகாரியாக இருந்த மிட்ஃபோர்ட் தாம் கேட்ட குரலை அவருக்கு எழுதியிருந்தார். கழுத்து நெரிபடும் சிறுவனின் அலறலைப் போன்றது என்பதே அவருக்கும் தோன்றிய ஒப்புமை. கதையை நம்பாத வெள்ளைக்கார அதிகாரி காதிலும் அது பிள்ளையின் குரலாகவே விழுந்திருக்கிறது. இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

காரணம் காதிலும் மூளையிலும் இருக்கிறது. நாம் பேசும்போது குரலின் வலிமை வினாடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறது. அலறலில் அது வினாடிக்கு 30 முதல் 150 முறைவரை துடிக்கிறது. அந்தக் கரகரப்புத்தான் அலறலை அலறலாக்குகிறது. லுக் ஆர்னலும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அச்சத்தைக் கையாளும் மூளைப்பகுதியை இந்தக் கரகரப்பே தட்டி எழுப்புகிறது என்று கண்டார்கள். அவசர மணிகளின் ஓசையிலும் இதே தன்மை உண்டு. ஒரு பறவையின் தொண்டையில் இந்தத் துடிப்பு தற்செயலாக அமைந்துவிட்டால், கேட்பவர் சிந்திப்பதற்கு முன்னமே உடம்பு பயந்துவிடும். யாருடைய அலறல் இது என்ற கேள்வி பிறகு வரும். அதற்குப் பதிலாகத்தான் கதை வருகிறது.

பறவை எது? பறவையியலாளர்களில் பலர் இன்று கைகாட்டுவது வயிற்றில் புள்ளிகளுள்ள பெரிய காட்டாந்தையை. இரண்டடி உயரம், தலையில் கொம்புபோல் நீட்டிய இறகுகள், காட்டுக்கோழியையும் முயலையும் அடிக்கும் வலிமை. இதன் வழக்கமான கூவல் தாழ்ந்த முழக்கம். எப்போதாவதுதான் அந்த அலறல். கொண்டைப் பருந்து, தேன்பருந்து, வேறு ஆந்தைகள், பக்கி என்று மாற்று வேட்பாளர்களும் உண்டு. குரலைக் கேட்டவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை, பறவையைப் பார்த்தவர்களுக்கு அது அலறிக் காட்டுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் ஒரே பெயரைப் பங்குபோட்டிருக்கவும் கூடும்.

இது பாமரர்களின் குழப்பம் என்று யாராவது நினைத்தால், கித்துல்கலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கேகாலை மாவட்டத்தில் களனி ஆற்றோரம், இறப்பரும் காடும் கலந்த ஊர். தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் 1995இல் அங்கே இருட்டில் ஒரு கூவலைக் கேட்டார். இலங்கைப் பறவைக் குரல்களைப் பதிவுசெய்துவந்தவர். இது எந்தப் பட்டியலிலும் இல்லாத குரல். உடலைக் காணவில்லை. காண்பதற்கு ஆறு ஆண்டுகள் ஆகின. 2001 சனவரியில் சிங்கராஜக் காட்டில் விளக்கொளியில் சிக்கியது: செம்பழுப்பு நிறம், ஒரு சாண் நீளமும் இல்லாத, கொம்பிறகு இல்லாத குட்டி ஆந்தை. வரகாகொடவும் பமீலா ராஸ்முசனும் 2004இல் அதற்கு 'ஓட்டஸ் திலோஹொஃப்மனி' என்று பெயரிட்டார்கள். சிங்கராஜவை மரம்வெட்டும் திட்டத்திலிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனைக் கௌரவிக்கும் விதமாக. இலங்கையில் புதிய பறவையினம் ஒன்று கண்டறியப்பட்டு நூறாண்டுக்கு மேலாகியிருந்த நேரம் அது.

பயிற்சி பெற்ற காதுக்கே ஆறு ஆண்டுகள் உடலின்றி அலைந்த குரல் அது. நல்லவேளை, அதன் கூவல் மெல்லியது. அலறலாக இருந்திருந்தால் கித்துல்கலைக்கு இன்னொரு உலமா கிடைத்திருக்கும். வரகாகொட செய்ததும் பெரிய மந்திரமில்லை. குரலைப் பதிவுசெய்தார், மற்றக் குரல்களோடு ஒப்பிட்டார், திரும்பத் திரும்ப அதே காட்டுக்குப் போனார். பால்வெட்டுக்குப் போகிறவர் பையில் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது. உலமா என்று ஊருக்கு ஊர் சொல்லும் அலறல்களை அதில் பிடித்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, பறவை ஆய்வு செய்யும் யாரிடமாவது சேர்த்தால், அந்தப் பெயருக்குள் எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம்.